சிவப்பு மையில் நான் அடித்த விடை



இன்று ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்பில் நேர்விகிதம் நடத்தும்போது, கடலோரப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று நானே ஒரு கணக்கு போடுவேன். "மணிக்கு 4 நாட்டிக்கல் மைல் வேகத்தில் போகும் விசைப்படகுக்கு மணிக்கு 3 லிட்டர் டீசல். 8 மைல் வேகத்தில் போனால் எவ்வளவு?" எல்லோரும் 6 லிட்டர் என்று எழுதுவார்கள். ஒருவன் மட்டும் "இருபதுக்கு மேல் ஆகும்" என்று எழுதினான். சிவப்பு மையில் அடித்தேன்.

"எங்க அப்பா போட்டு அப்படித்தான் சார் குடிக்குது" என்றான்.

"உங்க அப்பாவா கணக்கு வாத்தியார்?" என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் நாகப்பட்டினம் துறைமுகப் பக்கம் போயிருந்தேன். கரையேற்றிய படகின் அடியில் சிப்பியும் பாசியும் சுரண்டிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, "சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். அந்தப் பையன்தான்! இப்போது சொந்தப் படகு. டீ வாங்கிக் கொடுத்து, ஒரு நோட்டைக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் போன தூரம், ஆன நேரம், செலவான டீசல் எல்லாம் அதில் இருந்தன.

"ரேஸைக் கொஞ்சம் கொறைச்சா டீசல் நிறைய மிஞ்சுது சார். போறப்ப மெதுவாத்தான் போவேன். வர்றப்ப ஏலத்துக்கு முந்தணும், அப்ப மட்டும் விரட்டுவேன்."

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். வேகம் கூடக் கூட, படகு எழுப்பும் அலையும் பெரிதாகிறது. தன் அலையிலேயே மேடு ஏறுவது போல அது திணறுகிறது. இப்படி நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகில், வேகம் இரண்டு மடங்கானால் எஞ்சினுக்கு வேண்டிய சக்தி 2×2×2, அதாவது ஏறக்குறைய 8 மடங்கு. அப்படியானால் என் கணக்குக்கு விடை 24 லிட்டர். அவன் எழுதியதுதான் சரி.

இன்னொரு கணக்கு. அதே படகு 16 மைல் போக வேண்டும். 8 மைல் வேகத்தில் 2 மணி நேரம், 48 லிட்டர். வேகத்தை 6.4 ஆகக் குறைத்தால் இரண்டரை மணி நேரம், ஏறக்குறைய 31 லிட்டர். அரை மணி நேரம் பொறுத்தால் 17 லிட்டர் மிச்சம். அடியில் சிப்பி ஒட்டியிருந்தால் இழுவை கூடி, இந்த மிச்சமும் கரைந்துபோகும். அவன் சுரண்டிக்கொண்டிருந்தது அதனால்தான்.

தம்பி, உன் விடைத்தாளை இப்போது திருத்த முடியாது. இங்கே, எல்லோர் முன்னாலும் திருத்துகிறேன். உனக்கு முழு மதிப்பெண்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஒரு பிள்ளை வேறு விடை சொன்னால், பேனாவை எடுப்பதற்கு முன் "எப்படிப்பா?" என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்