கையெழுத்துப் போடும் முன்

ஜமுனாமரத்தூர்,
ஜவ்வாது மலை.

அன்புள்ள தம்பிக்கு,

 

நீ அனுப்பிய இரண்டு திட்ட அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். போன வருஷம் எழுதியதில் சாமை உரிக்கும் மெஷின் முதல் பக்கத்திலேயே இருந்தது. முதலீட்டாளர்களைப் பார்த்துவிட்டு எழுதியதில் அது கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. ஐந்து நகரங்களில் வீட்டு வாசலுக்கே சாமை கொண்டுபோகும் ஆப் பற்றித்தான் மற்றதெல்லாம். பணம் இன்னும் வரவே இல்லை, அதற்குள் உன் யோசனையை வளைத்துவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர்களைக் குறை சொல்லவில்லை. வென்ச்சர் கேப்பிட்டல் நிதியில் இருப்பதும் பிறர் பணம்தான். பெரும்பாலும் பத்து வருஷத்துக்குள் பெருக்கித் திருப்பித் தர வேண்டும். போட்டதில் பல தேறாது என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். தேறும் ஒன்றிரண்டு அத்தனை நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். அதனால் நிதானமாக லாபம் தரும் சின்னத் தொழில் அவர்கள் கணக்கில் சேராது. சிப்பும் மென்பொருளும் செய்த கலிபோர்னியாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தியது. வருஷத்துக்கு ஒரு போகம், அதுவும் மழையை நம்பி விதைக்கும் சாமைக்கு எப்படிப் பொருந்தும்?

வேலை எங்கே முடங்குகிறது என்று நீயும் பார்த்திருக்கிறாய். மண்களத்தில் அடித்த சாமையில் பொடிக்கல் கலந்து வருகிறது. ஒரே ஓட்டத்தில் உமி போவதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் நொய் கூடுகிறது. தவிட்டோடு விட்டாலோ சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது. இதற்கு வழியில்லாமல்தான் மூட்டைகள் உரிக்காமலே மலையிறங்குகின்றன. உரித்து விற்கும் லாபம் கீழே இருப்பவருக்கு. உன் ஆப் இதில் எதையும் தொடவில்லை.

விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியில் வெளியாள் பங்கு வாங்க முடியாது என்று போனில் சலித்துக்கொண்டாய். 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தியபோது யோசித்துத்தான் அப்படி வைத்தார்கள்: விளைவிப்பவர்தான் உறுப்பினர், தலைக்கு ஒரு ஓட்டு. எனக்கு அதுதான் பெரிய காப்பு. ஆனால் இந்த மாதிரி கம்பெனிகளுக்கென்று 2020-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் பங்கு மானியமே அதிகபட்சம் 15 லட்சம். அதை வைத்து ஆலையும் போட்டுக் கொள்முதலும் செய்ய முடியாது. உன் தவிப்பு நியாயம்தான்.

கிராமத்தை நம்பி முதல் போட்டவர்களும் உண்டு. ஒடிசாவில் 2009-ல் தொடங்கிய மில்க் மந்த்ரா பால் கம்பெனிக்கு ஆவிஷ்கார் என்ற முதலீட்டு நிதி ஆரம்பத்திலேயே கைகொடுத்தது. 2025-ல் அதை 233 கோடிக்கு வாங்குவதாக அறிவித்தது நம் ஊர் ஹட்சன். பால் தினமும் வரும், பணமும் தினமும் சுழலும். அங்கேயும் கடைசியில் வாங்க ஒரு பெரிய கம்பெனி வேண்டியிருந்தது. உன்னை யார் வாங்குவார்கள் என்று கேட்டுப் பார்.

மெஷினும் கொள்முதலும் இங்கே உறுப்பினர்கள் பெயரிலேயே இருக்கட்டும். நகரத்தில் விற்பதற்கு மட்டும் உன் கம்பெனியை வை. 2022-23-ல் 30 கோடியோடு தமிழக அரசு தொடங்கிய பட்டியலின, பழங்குடியினர் புத்தொழில் நிதிக்கு முதலில் விண்ணப்பம் போடு. அவர்களும் பங்கு கேட்பார்கள்; ஆனால் நம் மாதிரி ஆட்களுக்கென்றே வைத்த பணம் அது.

ஒப்பந்த நகலைத் தபாலில் அனுப்பு. முதலீட்டாளர் எப்போது, எப்படி வெளியேறுவார் என்ற பகுதியை நானும் படித்துவிடுகிறேன். அதுவரை கையெழுத்து வேண்டாம்.

அன்புடன்,
அக்கா