ஓயாத துடுப்புகள்

எங்கள் இல்லத்தில் விடியலை முதலில் அறிவித்தது கோவில் மணி அன்று, தந்தையின் இருமலே. மணி ஐந்தரைக்கு ஒலிக்கும். அதற்கு அரைமணி முன்னதாகவே அவர் திண்ணையில் அமர்ந்து இருமத் தொடங்கிவிடுவார். நெஞ்சின் அடியாழத்திலிருந்து எதையோ பெயர்த்தெடுப்பது போன்ற இருமல் அது. பின்னர் ஒரு குவளை கடுங்காப்பி, ஒரு பீடி. ஓசை அடங்கும். "புகை உள்ளே போனால்தான் சளி இளகும்" என்பது அவர் கண்ட மருத்துவம். நாங்களும் அதை மறுத்ததில்லை.

1978ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பியவர், உயிர்ப்புப் பெருவிழா வரை பீடியைத் தொடுவதில்லை என்று அம்மாவிடம் அறிவித்தார். முப்பது ஆண்டுப் பழக்கம். ஆயினும் சொன்ன சொல்லில் நின்றார். ஆனால் இருமலோ குறைவதற்கு மாறாகப் பெருகிற்று. வெள்ளிதோறும் சிலுவைப் பாதையை முன்னின்று நடத்துபவர் அவரே. மூன்றாம் வெள்ளியன்று ஏழாம் நிலையில், ஆண்டவர் இரண்டாம் முறை விழும் இடத்தில், இருமல் மேலிட்டுப் புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். அன்றிரவு அம்மா அழுதார். "பழகிய உடம்பு, திடீரென்று விட்டால் தாங்குமா?" என்றனர் அண்டை வீட்டார். மறுநாள் பிள்ளைகளாகிய நாங்களே கடைக்குச் சென்று ஒரு கட்டு பீடி வாங்கிவந்து அவர் கையில் வைத்தோம். இரண்டொரு நாளில் இருமல் தணிந்தது போலத் தோன்றிற்று. நாங்கள் மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி எத்தகையது என்பதை அறிய எங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1990இல், நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்குத் தந்தை வந்துவிட்டபோது, ஒரு மருத்துவர் எங்களை அமர வைத்துப் பொறுமையோடு விளக்கினார். அன்று அவர் சொன்னதையும் பிற்பாடு நாங்கள் படித்தறிந்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

நாம் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். அதனோடு தூசியும் கரியும் நோய்க்கிருமிகளும் வருகின்றன. இவற்றைப் பிடித்து வெளியேற்ற, நமது மூச்சுக்குழலின் உட்சுவரில் ஓர் ஓயாத பணி நடைபெறுகிறது. அச்சுவரின் உயிரணுக்கள் பலவற்றின் மேல், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 நுண்ணிய இழைகள் நிற்கின்றன. குற்றிழைகள் என்றும் சிலியா என்றும் இவற்றை அழைப்பர். ஓர் இழையின் நீளம் ஆறு அல்லது ஏழு மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இவை நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை அசைகின்றன. அசையும் விதம் துடுப்புப் போடுவதை ஒத்தது. நிமிர்ந்து நின்று முன்னோக்கி வலிக்கும். பின்னர் வளைந்து தாழ்ந்து பழைய இடத்திற்குத் திரும்பும். இழைகளைச் சுற்றிலும் மெல்லிய நீர்ப்படலம். அதன்மேல் பசைபோன்ற சளிப்படலம். நிமிரும்போது இழைகளின் நுனி மட்டுமே சளியைத் தொட்டுத் தள்ளுகிறது. தாழ்ந்து திரும்பும்போது நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. ஆதலால் சளி பின்வாங்குவதில்லை. எல்லா இழைகளும் ஒரே நொடியில் அசைவதுமில்லை. காற்று வீசும்போது நெல்வயலில் அலை ஓடுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக அவை சாய்ந்தெழுகின்றன. அந்த அலையில் தூசி படிந்த சளி நிமிடத்திற்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டையை நோக்கி ஏறுகிறது. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். நலமுள்ளவருக்கு இதில் ஓசை இல்லை, இருமலும் இல்லை.

ஒவ்வோர் இழையின் உள்ளேயும் ஒன்பது இணைக் குழாய்கள் வட்டமாகவும், நடுவில் இரண்டு தனியாகவும் நிற்கின்றன. டைனீன் என்னும் புரதம் சிறு கைகளைப்போல அவ்விணைகளைப் பற்றி ஒன்றின்மீது ஒன்றை நகர்த்துவதாலேயே இழை வளைகிறது. இக்கைகள் இல்லாமலே பிறப்போரும் உண்டு. 1933இல் சூரிச் நகர மருத்துவர் கார்ட்டாகெனர், ஓயாத சளியும் சீரழிந்த மூச்சுக்குழல்களும் கொண்ட சிலருக்கு இதயம் வலப்புறம் அமைந்திருப்பதைப் பதிவுசெய்தார். காரணம் விளங்க மேலும் நாற்பதாண்டுகள் சென்றன. சுவீடனைச் சேர்ந்த அஃப்செலியஸ், அத்தகையோரின் இழைகளில் டைனீன் கைகள் இல்லாமையை மின்னணு நுண்ணோக்கியால் கண்டு 1976இல் வெளியிட்டார். கருவில் இடம் வலம் வகுப்பதற்கும் இத்தகைய நுண்ணிழைகளின் அசைவே துணைபுரிகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

துடுப்பு நன்றாயிருந்தும் நீர் வற்றினால் படகு நகராது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில் உப்பும் நீரும் சுரப்பது தடைப்பட, சளி இறுகி இழைகளை அழுத்திவிடுகிறது. அதற்குரிய மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. கக்குவான் இருமலின் கிருமி இவ்விழைகளையே பற்றிக்கொண்டு நஞ்சு உமிழ்ந்து, இழை தாங்கும் உயிரணுக்களை மடியச் செய்கிறது. இன்புளுயன்சா நச்சுயிரியும், 2020இல் உலகை முடக்கிய கொரோனா நச்சுயிரியும் இதே உயிரணுக்களைத் தாக்குகின்றன. காய்ச்சல் நீங்கிய பின்னரும் இருமல் வாரக்கணக்கில் நீடிப்பதற்கு இவ்வழிவும் ஒரு காரணம்.

இவை நம் விருப்பின்றி வருபவை. புகையோ நாமே அழைத்து வருவது. புகையிலைப் புகை இழைகளின் துடிப்பைத் தளர்த்துகிறது, அவற்றைக் குட்டையாக்குகிறது, நாளடைவில் இழையுள்ள உயிரணுக்களே குறைந்துபோகின்றன. சளி சுரக்கும் உயிரணுக்களோ பெருகுகின்றன. குப்பை கூடுகிறது, கூட்டுபவர் குறைகின்றனர். ஓசையின்றி நடந்த பணியை இப்போது இருமலே செய்தாக வேண்டும். ஆண்டுக்கு மூன்று மாதம் வீதம் அடுத்தடுத்து ஈராண்டுகள் சளியோடு இருமல் நீடிக்குமாயின், அதை நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்பர். விறகடுப்பின் புகையில் ஆயுளைக் கழித்த தாய்மாருக்கும் இந்நிலை நேர்வதுண்டு.

இங்கேதான் மருத்துவர் எங்களை நிமிர்ந்து பார்க்க வைத்தார். புகையை விட்டொழித்தால் தளர்ந்த இழைகள் மெல்ல மெல்ல மீண்டும் துடிக்கத் தொடங்குகின்றன. தேங்கிக் கிடந்த அழுக்கு நகர்கிறது. அதனால் சிலருக்குத் தொடக்க வாரங்களில் இருமல் மிகுவதுண்டு. அது நோயின் வளர்ச்சியன்று. திரும்பி வரும் நலத்தின் அறிகுறி.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எவரும் பேசவில்லை. எல்லாருடைய மனத்திலும் அந்தத் தவக்காலத்துப் பீடிக் கட்டே இருந்தது. விழித்தெழுந்த பணியாளரை மீண்டும் மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு, வீடு அமைதியாயிற்று என்று மகிழ்ந்திருந்தோம். தந்தை அன்றே விட்டிருந்தால் நெடுநாள் வாழ்ந்திருப்பார் என்று உறுதி கூற இயலாது. ஆயினும் சிதைந்த காற்று நுண்ணறைகள் மீண்டு வருவதில்லை. இழந்த பன்னிரண்டு ஆண்டுகளும் அவ்வாறே. 1991இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

மனித உடலில் வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் திருப்பலியில் பலமுறை கேட்டிருக்கிறோம். கண்ணுக்கும் தெரியாத இவ்விழைகளை எண்ணும்போது அச்சொல்லின் ஆழம் புலப்படுகிறது. மனச்சான்றும் இத்தகையதே அன்றோ? பாவப் பழக்கத்தில் அது மயங்கிக் கிடக்கும் நாள்களில் நமக்கு உறுத்தலில்லை. மனம் திரும்ப முற்படும்போதுதான் பழைய அழுக்கெல்லாம் மேலெழுந்து தொண்டையை அடைக்கிறது. "முன்பே நிம்மதியாக இருந்தோமே" என்று பழைய புகைக்கே திரும்பிவிடுகிறோம். அன்பின் பெயரால் அதை வாங்கி வந்து கொடுப்போரும் உண்டு.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் ஒருவர் புகையைத் துறந்து இருமத் தொடங்கினால் அஞ்சி அவரைத் தடுக்காதீர்கள். வெந்நீர் கொடுத்து அருகில் அமருங்கள். சளியில் குருதி கண்டாலோ, காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, வாரங்கள் கடந்தும் இருமல் குறையாவிட்டாலோ தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடைக்கு மட்டும் சென்றுவிடாதீர்கள்.

ஏழாம் நிலையின் முன் முழந்தாளிடும்போதெல்லாம் சுவரைப் பற்றி நின்ற தந்தையையே நாங்கள் காண்கிறோம். அவர் அன்று விழவில்லை, எழுந்துகொண்டிருந்தார். அதை அறியாதிருந்த எங்களை ஆண்டவர் மன்னிப்பாராக.