அறுபத்தெட்டு எழுத்து

கொள்முதல் நிலையத்துத் தம்பி ‘முடிந்தது’ என்று தன் கதையை முடித்துவிட்டார். இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியில் வந்து விழுந்தது அது. அடுத்தது என் முறை. ‘முடி’ என்ற வேரில் தொடங்கும் ஒரு கதையை மறுநாள் ஒன்பதுக்குள் அனுப்ப வேண்டும். அளவு, அறுபத்தெட்டு எழுத்து. இந்த விளையாட்டுக்கு விதை போட்ட ஊரிலேயே உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம் என்று காலையில் மயிலாடுதுறையில் திருக்கடையூர் பேருந்தைப் பிடித்தேன்.

நாங்கள் பதினொரு பேர். நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருக்கும் தம்பி, காரைக்காலில் செவிலியராக இருக்கும் அக்கா, சிங்கப்பூரில் கணினி வேலை செய்யும் பையன், திருக்கடையூரில் ஓய்வாக இருக்கும் தமிழாசிரியர் ஐயா, இன்னும் சிலர். பரிசு இல்லை, நடுவர் இல்லை. ‘அருமை’ என்று சொல்லிவிட்டு மட்டும் யாரும் நகரக் கூடாது. எந்தச் சொல் அதிகம் என்று காட்டியாக வேண்டும்.

தொடக்கத்தில் ஐம்பது சொல் என்றுதான் வைத்திருந்தோம். கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊரில் ஸ்டீவ் மாஸ் என்ற பத்திரிகைக்காரர் 1987இல் 55 சொல்லில் கதை கேட்டுப் போட்டி வைத்தார். அந்த வடிவம் உலகம் சுற்றியது. நம் பக்கம் சுஜாதா அதை எடுத்துச் சொன்னார். குமுதத்தின் ஒரு பக்கக் கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவும் படவில்லை. ஆனால் தமிழில் சொல்லை எண்ண உட்கார்ந்தால் முதல் நாளே தகராறு. ‘கட்டிக்கொண்டிருந்தாள்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல். ‘கட்டிக் கொண்டு இருந்தாள்’ என்றால் மூன்று. சிங்கப்பூர்ப் பையன் எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி ஐம்பதுக்குள் ஒரு குடும்பத்தையே அடக்கிவிட்டான். பிரித்து எழுதும் பழக்கமுள்ள அக்காவுக்குப் பாதிக் கதை வெளியே நின்றது.

வழி சொன்னவர் ஐயாதான். “சொல்லை எதுக்குய்யா எண்றீங்க? எழுத்தை எண்ணுங்க. நம்ம ஊர்ல பாடின அளவு இருக்கே.”

அவர் சொன்னது கட்டளைக் கலித்துறை, அபிராமி அந்தாதி பாடப்பட்ட யாப்பு. புள்ளி வைத்த எழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. நாலடிக்கு 64 அல்லது 68. ஒட்டி எழுதினாலும் பிரித்து எழுதினாலும் இந்தக் கணக்கு அதிகம் அசையாது. தமிழில் சின்னதாக எழுத நினைப்பவனுக்கு இதைவிட நேர்மையான தராசு வேறு இல்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். சொல் எண்ணிக்கை இடைவெளியை அளக்கிறது. இது வாயில் வரும் ஒலியை அளக்கிறது.

அளவோடு அந்தாதியும் சேர்ந்து வந்தது. ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். இந்தக் கடற்கரையில் அந்தாதிக்கு நீண்ட ஆயுள். தெற்கே காரைக்காலில் பிறந்த அம்மையார் அற்புதத் திருவந்தாதியை 101 வெண்பாவில் கோத்தார். அபிராமி அந்தாதி பாடிய திருக்கடையூர்ப் பட்டரின் கதை எல்லோருக்கும் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட முதலாம் சரபோஜி தை அமாவாசையன்று திதி கேட்டார், பட்டர் தன்னை மறந்து பௌர்ணமி என்றார். அன்றிரவு நிலவைக் காட்டியாக வேண்டும் என்றாயிற்று. கீழே நெருப்பு, மேலே நூறு கயிற்றில் தொங்கும் உறி, பாட்டுக்கு ஒரு கயிறு அறுபடும், 79ஆம் பாட்டில் நிலவு வந்தது என்பது ஐதிகம். உதிப்பதைச் சொல்லித் தொடங்கும் நூல் நூறாவது பாட்டில் உதிப்பதற்கே வந்து சேர்ந்து வளையமாகிறது. நேரம், அளவு, கையில் வந்து விழும் சொல் என்று எங்கள் விளையாட்டில் உள்ள எல்லாம் அதில் இருக்கிறது. நெருப்பு மட்டும் எங்களுக்கு இல்லை.

உரைநடையில் அந்தாதி எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில்தான் நிற்கும். ‘போனான்’, ‘இருந்தது’, ‘அழுதாள்’ என்று முந்தைய கதை முடிந்தால் அடுத்த கதையை அதில் எப்படித் தொடங்குவது? முதல் வாரம் எல்லாக் கதையும் ‘வந்தான் ஒருவன்’ என்று கூத்து மேடைபோல் ஆரம்பித்தது. யாப்பில் எழுத்து, அசை, சீர், அடி என்று எதைத் தொட்டும் அந்தாதி தொடுக்கலாம் என்று ஐயா சொன்ன பிறகு, வேர் ஒன்றாக இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். அப்படித்தான் ‘முடிந்தது’ என் கையில் ‘முடி’ ஆயிற்று.

வழியில் கொள்முதல் நிலையத்தில் இறங்கினேன். தை மாதம், சம்பா அறுவடை. களத்தில் குவியல் குவியலாக நெல், ஓரத்தில் சுருட்டி வைத்த தார்ப்பாய்கள். தம்பி எடை பார்த்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். 40 கிலோ சிப்பம் ஒன்று தராசில் ஏறி இறங்கும் இடைவெளியில்தான் அவருடைய கதைகள் பிறக்கின்றன. கைபேசியில் இல்லை, மனத்தில். சுமைதூக்கும் ஆள் அடுத்த மூட்டையைத் தூக்கி வருவதற்குள் ஒரு வாக்கியத்தைத் திருத்திவிடுவாராம்.

“எனக்கு ரெண்டு பதினேழுண்ணே,” என்றார். “நெல்லுல ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல போவக் கூடாது. கதையில அடிக்கு எழுத்து 17-க்கு மேல போவக் கூடாது. ரெண்டுலயும் காய வைக்கணும்.”

கதையைப் பற்றி நான் கேட்ட பேச்சில் இதுவே சிறந்தது. அவருடைய முந்தின நாள் கதை, ஒரு விவசாயி எட்டு நாள் நெல்லுக்குக் காவல் கிடந்து, கடைசி மூட்டை ஏறும் நேரத்தில் தூங்கிப்போவது. ‘முடிந்தது’ என்ற சொல்லில் அந்த எட்டு நாளும் இருந்தது.

திருக்கடையூரில், மேற்கு நோக்கிய கோயில் வாசலில் அன்றும் கல்யாணக் கூட்டம். அறுபதுக்கும் எண்பதுக்கும் மாலை போட்ட தம்பதிகள், கோபூஜைக்கு நிற்கும் பசு, ஓடியாடும் படக்காரர்கள். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த தலம், ஆயுள் வேண்டி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். உள்ளே பிராகாரத்தில் கலசங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் தன் மனைவிக்கு மறுபடி தாலி கட்டிக்கொண்டிருந்தார். முதல் முடிச்சு போட்டதும் கை நடுங்கி நின்றுவிட்டது. மற்ற முடிச்சுக்கு நாத்தனார் வர வேண்டும். மூத்தவர்போல. சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். அவர் கயிற்றை விரல்களால் தடவிக்கொண்டே இருந்தார், அதில் எதையோ தேடுவதுபோல. என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. மேளச் சத்தம்.

தூணோரம் உட்கார்ந்தேன். ‘முடி’ என்றால் முடிவது. முடி என்றால் கட்டுவதும்தான். நேற்றிலிருந்து நான் முதல் பொருளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் எழுதியது 110 எழுத்து. மாலைகளின் வாசனை, ஐயரின் அவசரம், மகன்களின் பட்டு வேட்டி எல்லாம் போயின. மதியம் 69-இல் வந்து நின்றது. ஓர் எழுத்து அதிகம்.

ஐயா வீட்டுத் திண்ணையில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். எண்பதை நெருங்கும் கண்களுக்காகக் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். விரல் மடக்கி எண்ணினார். புள்ளி எழுத்து வரும்போது விரல் மடங்காமல் காற்றில் ஒரு நொடி நிற்கும். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனிக்கும் சதாவதானத்தில் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்கள், அப்போது பாடுகிறவரும் மனசுக்குள் இப்படித்தான் எண்ணியிருப்பார் என்றார். இரண்டு முறை எண்ணிவிட்டு, கடைசி வரியில் விரல் வைத்தார்.

“தம்பி, ‘அன்னைக்கு நான் போட்டது’ன்னு அந்தம்மா சொல்லுமா?”

“சொல்வாங்க ஐயா. அவங்க போட்ட முடிச்சுதானே?”

“அது அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சதை யாரு சொல்லிக்கிட்டு இருப்பா?”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாசிக்கிறவனுக்குத் தெரிய வேண்டுமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். குடித்து முடிப்பதற்குள் எனக்கே விளங்கியது. நாத்தனார் முடிச்சு யார் போட்டது என்று தமிழ்நாட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும்? எடுத்துவிட்டேன். அனுப்பியது இது:

முடிச்சு ஒன்றை அப்பா போட்டார். கை நடுங்கியது. மற்றது அத்தையின் முறை. சக்கர நாற்காலியில் வந்தாள். மஞ்சள் கயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். அம்மாவைக் கிட்டே இழுத்துக் கேட்டாள்: ‘ஏண்டி, அன்னைக்குப் போட்டது அவுந்துபோச்சா?’

நிரையசைத் தொடக்கம், 68 சரியாக இருந்தது. முதலில் பதில் போட்டவர் கொள்முதல் தம்பி. ‘கை நடுங்கியது’ வேண்டாம், ‘ஒன்றை’ என்பதிலேயே அது தெரிகிறது என்றார். சரிதான் என்று இன்றுவரை தோன்றுகிறது. ஆனால் அதை எடுத்தால் ஆறு எழுத்துக்கு வேறு ஏதாவது தேட வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன்.

பேருந்து மயிலாடுதுறையை நெருங்கும்போது இருட்டிவிட்டது. இந்த ஊரில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை எழுதிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது, தமிழின் முதல் நாவல். நீளமாகச் சொல்வதற்கும் இந்தப் பக்கத்து ஆள்தான் தொடக்கம்.

காரைக்கால் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. “‘அவிழ்’ என்னிடம் வந்துவிட்டது. இரவுப் பணி. ஒரு காலில் கட்டு அவிழ்க்கப் போகிறேன், அங்கிருந்தே தொடங்குகிறேன். 64 ஆ, 68 ஆ?”

‘அவிழ்’ நிரையசை. 68 என்று பதில் போட்டேன்.