மிச்ச எண்ணெயும் மலைப் பாதையும்

எதையும் வீணாக்கக் கூடாது என்பது என் சுபாவம். மிஞ்சிய சாதம் மறுநாள் வற்றலாகிவிடும். பழைய புடவை திரைச்சீலையாகிவிடும். இந்தக் குணமே ஒருநாள் என்னை நடு மலையில் நிறுத்திவிட்டது.

என் தம்பி காருக்கு ஆயில் மாற்றியபோது டப்பாவில் ஒரு லிட்டருக்குமேல் மிச்சம். "நம்ம பைக்குக்கு ஊத்திடுங்களேன்" என்றேன். மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்ளலாம் என்று இவர் தயங்கினார். "காருக்கே போடற எண்ணெய், பைக்குக்கு ஆகாதா?" என்று மடக்கியதும் நான்தான்.

திண்டுக்கல் தெருக்களில் ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் சிறுமலையில் ஒரு விசேஷம். வழியில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் இன்ஜின் அலறுகிறது, வண்டியோ நகர மாட்டேன் என்கிறது. பின்னால் பஸ் வேறு ஹாரன் அடிக்கிறது! வண்டி பின்னோக்கிச் சரியப் பார்க்க, இவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். நான் இறங்கி ஓரமாக நின்றேன். கைகால் நடுக்கம் நிற்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் மெக்கானிக் சிரித்தார். "அக்கா, சாதாரணக் கார்ல கிளட்ச் எண்ணெய் படாம தனியா இருக்கும். பைக்ல இன்ஜின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்ச் தகடு அதுலயே முங்கிக் கிடக்கும். கார் எண்ணெய்ல பெட்ரோல் மிச்சமாகட்டும்னு வழுக்குற மருந்து சேர்ப்பாங்க. தகடு பிடிக்காம வழுக்கிடுச்சு. எண்ணெய்க் கையால பாட்டில் மூடியைத் திறக்க முடியுமா?"

எனக்குப் பளிச்சென்று புரிந்தது.

டப்பாவில் பார்க்க வேண்டியதையும் காட்டினார். 20டபிள்யூ-40 போன்ற எண் எண்ணெயின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும். அது ஒத்துப்போனால் போதாது. பைக் எண்ணெய்க்கென்று ஜப்பானில் 1998-இல் 'ஜாஸோ' தரம் வகுத்தார்கள். அதில் 'எம்.ஏ.' என்றிருந்தால் கியர் வண்டிக்கு ஏற்றது. 'எம்.பி.' என்றிருந்தால் வழுக்கல் அதிகம். கிளட்ச் எண்ணெயில் நனையாத, கியரில்லாத ஸ்கூட்டருக்கு ஆகும். எதுவானாலும் வண்டியோடு தரும் புத்தகத்தில் சொன்ன எண்ணெயே உத்தமம்.

எங்கள் வண்டிக்குக் கிளட்ச் தகடுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு செலவு!

சகோதரிகளே, சிக்கனம் நல்லதுதான். ஆனால் நம் வீட்டார் ஏறிப்போகும் வண்டியில் அதைப் பரீட்சை பார்க்க வேண்டாம். டப்பாவில் பாக்கியிருந்த எண்ணெய் இப்போது எங்கள் கேட் கீலுக்குப் பயன்படுகிறது.