குதிரை படுக்க ஓர் இடம்

குதிரை வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் சுழி பார்க்கிறார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைக் கணக்கிடுகிறார்கள். நிறம், உயரம், நடை, வால், காதின் நிமிர்வு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விலையில் ஓராயிரம் ரூபாய்க்காக அரைநாள் வாதாடுகிறார்கள். "இன்று ராத்திரி இது எதன்மேல் நிற்கும், எதன்மேல் படுக்கும்?" என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கதை எழுதுகிறவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. நம்முடைய சரித்திர நாவல்களில் குதிரைக்குப் பஞ்சமே கிடையாது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதே வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருவதோடுதான். அவனுக்குப் பின்னால் வந்த கதாநாயகர்கள் எத்தனையோ பேர் இரவு பகல் பாராமல் குதிரையை விரட்டியிருக்கிறார்கள். சத்திரம் வந்ததும் வீரனுக்குச் சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, கனவில் வர ஓர் இளவரசியும் உண்டு. குதிரைக்கு? "லாயத்தில் கட்டினான்." இரண்டே சொற்கள். அந்த லாயத்தின் தரை கல்லா மண்ணா, ஈரமா காய்ந்ததா என்பது ஆசிரியருக்கும் வேண்டாம், வாசகருக்கும் வேண்டாம். குதிரைக்கு மட்டும் வேண்டும்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை ஏற்பட்டதற்கு என் மைத்துனர்தான் காரணம். காங்கயத்துக்குப் பக்கத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு. அந்தியூர் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதத் திருவிழாவை ஒட்டிப் பெரிய கால்நடைச் சந்தை கூடும். அங்கே ஒரு பெண்குதிரையைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து வாங்கி வந்துவிட்டார். அதற்காகக் கட்டிய லாயத்தை எனக்குக் காட்டினபோது அவர் முகத்தில் பெருமை வழிந்தது. தரை முழுவதும் பளபளவென்று கிரானைட் பலகை.

"நம்ம வீட்டு ஹால் மாதிரியே இருக்குதுங்களா, மாமா?" என்றார்.

"இருக்கிறது மாப்பிள்ளை. ஆனால், ஹாலில் நாம் சிறுநீர் கழிப்பதில்லையே!" என்றேன். அவர் சிரித்தார்.

சிரிப்பு மூன்று வாரம் நீடித்தது. பிறகு குதிரையிடம் ஒரு விநோதம் தெரிந்தது. பட்டப்பகலில் நின்றபடியே தலை தொங்கும், திடீரென்று முன்னங்கால்கள் மடிந்து விழப்போகும், திடுக்கிட்டு நிமிர்ந்துகொள்ளும். இரண்டு முன்னங்கால்களிலும் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. தீனியில் குறையில்லை. காய்ச்சல் இல்லை. கண் பட்டுவிட்டது என்று வீட்டில் மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார். ஒரு காலத்தில் பழனியில் குதிரை வண்டி ஓட்டினவர். அவர்தான் சொன்னார்:

"அது படுக்கறதே இல்லீங்க. நானும் நாலு ராத்திரியாப் பாக்கறனுங்க. படுக்கலாம்னு காலை மடக்குது, வழுக்குது, பயந்துட்டு நின்னுக்குது. தூக்கமில்லாத மனுசன் என்ன ஆவானோ, அதேதானுங்க அதுக்கும்."

கால்நடை மருத்துவர் வந்து அதையே சாஸ்திர முறையில் விளக்கினார். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். உண்மைதான். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு தசைகளுக்குச் சிரமமில்லாமல் நிற்க இயற்கை அதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால், அது பாதித் தூக்கந்தான். கனவு வருகிற ஆழ்ந்த தூக்கத்துக்கு உடல் முழுவதும் தளர வேண்டும்; அதற்குப் படுத்தே ஆக வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் போதும். அதுவும் இல்லாமல் பல நாட்கள் கழிந்தால், நின்ற நிலையிலேயே அந்தத் தூக்கம் வந்து ஆளைத் தள்ளிவிடும்.

ஏன் படுக்க மறுக்கிறது? குதிரை ஓடிப் பிழைக்கிற பிராணி. படுத்திருக்கும்போது எதிரி வந்தால், எழுந்து ஓட வேண்டும். இந்த இடத்திலிருந்து சட்டென்று எழ முடியும் என்ற தைரியம் இருந்தால்தான் அது படுக்கும். படுப்பது என்பது குதிரையைப் பொறுத்தவரை ஒரு நம்பிக்கை.

இந்த ஞானம் புதிதல்ல என்பதைப் பிற்பாடு புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஸெனஃபன் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஈரமும் வழுக்கலுமான தரை நல்ல குளம்பைக்கூடக் கெடுத்துவிடும் என்கிறார் அதில். ஈரம் தங்காமலிருக்கத் தரை சாய்வாக இருக்க வேண்டுமாம். வழுக்காமலிருக்கக் குளம்பளவுக் கற்களை நெருக்கமாகப் பதிக்க வேண்டுமாம். அந்தக் காலத்துக் கிரேக்கக் குதிரைகளுக்கு லாடம் கிடையாது, குளம்பே கதி. நம் கௌடில்யரும் அர்த்தசாஸ்திரத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் தனி இடம், பலகை பரப்பிய தரை, சிறுநீரும் லத்தியும் வெளியேற வழி என்று விதித்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவோ வேறு கதை சொல்லுகிறார். கடல் கடந்து வந்து இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் மாண்டுபோயினவாம். நரி பரியான கதை நமக்கு மனப்பாடம்; பரிகள் மாண்ட கதை அவ்வளவாகத் தெரியாது.

தரை எது நல்லது? இடித்துக் கெட்டித்த மண் தரை காலுக்கு இதம், வழுக்காது. ஆனால் குழி விழும், அடிக்கடி மெழுக வேண்டும். சிமெண்டு கழுவ லேசு. கடினமானது, சொரசொரப்பாகப் போட்டு மேலே கனமாகப் படுக்கை விரித்தாக வேண்டும். ரப்பர் விரிப்பு இப்போது கிடைக்கிறது. விலை அதிகம், அடியில் ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்வு லேசாக இருந்தால் போதும். மிஞ்சினால் காலின் நரம்பு இழுபடும்.

படுக்கைக்கு வைக்கோல் மெத்தென்று இருக்கும்; ஆனால் பூசணம் பிடித்தால் இருமல் வரும். மரச்சீவல் நன்றாக ஈரத்தை இழுக்கும். கறுப்பு வால்நட் மரத்தின் சீவலில் நின்றால் மட்டும் குதிரையின் குளம்பு வீங்கி நோயாகும். மணலைத் தீனியோடு சேர்த்துத் தின்றால் வயிற்றுவலி நிச்சயம். எதைப் போட்டாலும் தினமும் ஈரத்தை அள்ளிவிட வேண்டும். பெரிய குதிரை ஒன்று ஒரு நாளில் போடுகிற லத்தியும் சிறுநீரும் 20 கிலோவுக்குக் குறையாது. விடியற்காலையில் லாயத்தில் குனிந்து, படுத்த குதிரையின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், அது அமோனியா. குதிரை அதை இரவு முழுவதும் சுவாசித்திருக்கிறது.

ஈரத்திலேயே நின்றால் குளம்பின் அடியிலுள்ள மென்மையான பகுதி அழுகிக் கறுத்து நாறும். 1877-இல் வெளிவந்த 'ப்ளாக் பியூட்டி' நாவலில் இது ஒரு முக்கியமான சம்பவம். குதிரையே தன் கதையைச் சொல்வதாக அமைந்த நூல் அது. வெளிப் பூச்சில் கெட்டிக்காரனான ஒரு லாயக்காரன் பழைய வைக்கோலை வாராமல் விட்டுவிட, குதிரையின் கால் கெட்டுப்போகிறது. எழுதிய அன்னா ஸ்யூவல் அம்மையார் 14-ஆம் வயதில் கணுக்காலில் அடிபட்டு ஆயுள் முழுவதும் சரியாக நடக்க முடியாதவர். புத்தகம் வெளிவந்த சில மாதங்களில், 1878-இல் காலமானார். கால் வலி தெரிந்தவருக்குத்தான் தரையின் அருமை தெரிந்திருக்கிறது.

மைத்துனர் இரண்டு நாள் யோசித்தார். கிரானைட்டுக்குக் கொடுத்த பணம் அவர் கண்முன் நின்றது. மூன்றாம் நாள் கடப்பாரை வந்தது. அடியில் ஜல்லி, அதன்மேல் கிராவல், அதன்மேல் இடித்துக் கெட்டித்த செம்மண். காங்கயத்தில் தென்னைநார்க் கழிவுக்கா பஞ்சம்? தண்ணீரைத் தன் எடைபோலப் பல மடங்கு குடிக்கிற சரக்கு அது. தூசி பறக்காமல் லேசாக நீர் தெளித்து அரை அடி உயரம் பரப்பினார்கள்.

முதல் இரவு குதிரை அதை முகர்ந்துவிட்டு நின்றது. இரண்டாம் இரவும் நின்றது. மூன்றாம் நாள் பின்னிரவில் பெரியவர் வந்து எங்களை மெதுவாக எழுப்பினார். செருப்பில்லாமல் போய்ப் பார்த்தோம். குதிரை பக்கவாட்டில் கால்களை நீட்டிப் படுத்திருந்தது. உதடு துடித்தது, குளம்பு லேசாக அசைந்தது. எந்தச் சந்தையை, எந்த ஓட்டத்தைக் கனவு கண்டதோ!

திரும்பும்போது லாயத்தின் திண்ணையைக் கவனித்தேன். வெறும் சிமெண்டு. அதன்மேல் மடித்துப் போட்ட ஒரு சாக்கு. பெரியவரின் படுக்கை அதுதான்.

"இதிலா படுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கென்னங்க, நான் எங்க வேணும்னாலும் படுத்துக்குவனுங்க" என்றார்.

மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. காலையில் நான் எழுந்து வந்தபோது, வீட்டுத் திண்ணையில் இருந்த கயிற்றுக் கட்டில் அந்த இடத்தில் இல்லை.