சட்டம் இல்லாத ஆட்டக்காரன்

ஏறாவூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிளேன்டீ குடித்த கடையில், கூத்துப் பழக்கம் பார்க்கப் போவதாகச் சொன்னேன். கடைக்கார காக்காவின் முகம் மலர்ந்தது.

"நாங்களும் சின்ன வயசுல போய் விடிய விடியப் பார்த்திருக்கம். வாப்பாட்ட அடியும் வாங்கியிருக்கம். ராசா வேசமெல்லாம் மறந்து போச்சு. கட்டியகாரன மட்டும் மறக்கல்ல."

1990 ஆகஸ்டில் ஏறாவூரில் நடந்த படுகொலைக்குப் பிறகு அந்த இராப் பயணங்கள் என்னவாயின என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் போனது செங்கலடிப் பக்கத்துக் கிராமமொன்றுக்கு. கோயில் முன்றல் மணலில் வட்டம் கீறி, நடுவே ஒரு மின்குமிழ் தொங்கவிட்டிருந்தார்கள். 'பதினெட்டாம் போர்' என்னும் வடமோடிக் கூத்து. மத்தளத்தோடு அண்ணாவியார், பக்கத்தில் சல்லரிக்காரர், மடியில் பழுப்பேறிய கொப்பி. ஆட்டக்காரர் ஒவ்வொருவர் கையிலும் தன் பாட்டும் வசனமும் எழுதிய தாள்கள் இருந்தன. அதைத்தான் இங்கே சட்டம் என்கிறார்கள். சட்டம் கொடுப்பதில் தொடங்கிச் சதங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் பழகிய பிறகே அரங்கேற்றம்.

ஒருவர் மட்டும் வெறுங்கையோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும். பகலில் வாவியில் வீச்சு வலை எறிபவர். இந்தக் களரியின் கட்டியகாரனும் கோமாளியும் அவரே.

"உங்கட சட்டம் எங்க அண்ணன்?"

"எனக்கு ஏது தம்பி சட்டம்? ராசா வாறார் எண்டு சொல்ல ரெண்டு விருத்தம். மறுகா எல்லாம் சுத்தி இருக்கிற ஆக்கள்ட மூஞ்சியில கிடக்கு."

16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஆர்லெக்கினோ என்ற கோமாளி வேடம் கட்டியவர்களுக்கும் முழுப் பிரதி கிடையாது. கதைக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆடினார்கள். அதைச் சொன்னேன். "அவங்களும் நம்மட ஆக்கள்தான்" என்று முடித்துவிட்டார்.

அவர் ஆட வந்ததும் நான் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டேன். துரியோதனன் வரவைக் கட்டியம் கூறி முடித்தார். மத்தளம் அடங்கவும் அரசனை மெல்ல அண்ணாந்து பார்த்து, அவருடைய நாட்டில் பசளை கிடைக்கிறதா என்று கேட்டார். 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது வயலில் நின்று தலையில் கைவைத்தவர்கள்தான் சுற்றி இருந்தார்கள். முதலில் சிரித்தவள் ஒரு கிழவி. அரசன் சிரிக்கக் கூடாது, பாவம். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான் பையன்.

பிறகு அவர் ஆட்டத்தைப் பிழைவிட்டு விழுந்தார். நானும் உண்மையாகவே விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அண்ணாவியார் தலையசைத்தார்: விழுந்த இடம் தாளம் தீரும் இடம். அடுத்த தடவை ஒரு பையன் அதைச் செய்து பார்த்தான். அரை மாத்திரை முந்திவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, காயம்பட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரு பகிடியை அவர் ஒரே இடத்தில் நின்று முடிப்பதில்லை. கேள்வியைக் கிழக்கே பார்த்துக் கேட்பார், கிறுகி மேற்கே பார்த்து முழிப்பார், வாலைத் தெற்கே விடுவார். காரணம் கேட்டேன்.

"வலை எறியக்குள்ள ஒரு பக்கம் சுருண்டா மீன் அதால போயிரும். வட்டமா விரிஞ்சு விழோணும்."

இந்த வட்டத்தைச் சதுரத்துக்குள் கொண்டுபோன வரலாறும் இந்த ஏறாவூர்ப் பற்றோடு சேர்ந்ததுதான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைப் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். 1962இல் 'கர்ணன் போர்', பின் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்'. ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். அந்த முயற்சி இல்லையென்றால் நகரத்தார் கூத்தை மதித்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனாலும் எனக்கொரு குறை உண்டு. விடிய விடிய ஆடுவதை ஓரிரு மணித்தியாலமாக இறுக்கும்போது கர்ணனுக்கு இடமிருக்கும். பசளை கேட்பவனுக்கு இருக்காது. அவன் ராசாவும் மந்திரியும் இளைப்பாறும் நேரத்தில் வாழ்கிறவன். நள்ளிரவு தாண்டிப் பிள்ளைகள் மணலில் தூங்கி விழும்போதுதான் அவனுக்கு வேலையே. சித்திரைப் பருவத்து மகிடிக் கூத்தில் மந்திரவாதிகளின் போட்டியே பகிடியாய் நடக்கும், அது வேறு. போர்க்கதைக்குள் சிரிப்பு மூட்டுவது கடினமான தொழில்.

யுத்த காலத்தில் என்ன பகிடி விட்டீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள பொம்புளக் கதைதான் தம்பி. வேறொண்டும் வாயில வராது."

பதினொரு மணிக்குப் பழக்கம் முடிந்தது. அரங்கேற்றத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார் அண்ணாவியார். கட்டியகாரர் என் கண்ணாடியையும் தோள் பையையும் ஒருமுறை அளந்து பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"வருவன். ஆனா ஆருக்கும் தெரியாம மூலையில இருந்துதான் பாப்பன்."

"வட்டக்களரிக்கு ஏது தம்பி மூலை?"