இஞ்சின் செய்தவர் ஒருவர், பாரம் ஏற்றியவர் வேறொருவர்

தரம் 10 பிள்ளைகளுக்கு நியூட்டனின் இரண்டாம் விதி படிப்பிக்கும்போது வழமையாகத் தள்ளுவண்டி உதாரணம்தான் சொல்லுவோம். விசை மாறாமல் திணிவு கூடினால் ஆர்முடுகல் குறையும். எழுதிக்கொள்வார்கள், பரீட்சை முடிய மறந்தும் விடுவார்கள். இந்த முறை பென்ட்லி காரின் கதையைச் சொன்னோம். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. அதனால் உங்களுக்கும் சொல்கிறோம்.

1920களில் இங்கிலாந்தில் ஒரு பணக்காரர் கார் வாங்கினால், கம்பனி கொடுப்பது பெரும்பாலும் செசியை மட்டும்தான். சட்டம், இஞ்சின், கியர், சில்லுகள். மேலே வரும் பொடியை வாங்கியவரே வேறொரு பட்டறையில் தன் விருப்பப்படி கட்டிக்கொள்வார். லேலண்ட் பஸ் செசியைக் கொண்டுவந்து இங்கே பொடி கட்டுவதைப் பார்த்த நமக்கு இது புதினமில்லை.

டபிள்யூ. ஓ. பென்ட்லி டொன்காஸ்டர் ரயில் பட்டறையில் தொழில் பழகியவர். முதலாம் உலக யுத்தத்தில் விமான இஞ்சின்களுக்கு அலுமினியப் பிஸ்டன்களைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். பாரத்தைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 1921இல் விற்பனைக்கு வந்த அவருடைய 3 லீட்டர் கார், பாரம் குறைந்த திறந்த பொடியோடு வேகமாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது.

வாங்கியவர்களில் பலர் அதன் மேல் ஒரு சின்ன வீட்டையே கட்டினார்கள். மரச்சட்டம், உலோகத் தகடு, கனத்த கண்ணாடி, தோல் ஆசனம், பின்னால் பயணப் பெட்டிகள். மேட்டில் ஏறும்போது நான்கு சிலிண்டர்களுக்கும் மூச்சு வாங்கியது. பழி பொடி கட்டிய பட்டறைக்குப் போகாது, ரேடியேட்டரில் எழுதியிருக்கும் பெயருக்குத்தான் வரும். போதாக்குறைக்கு அந்தச் செசிக்கு 5 வருட உத்தரவாதமும் கொடுத்திருந்தார்கள்.

வாடிக்கையாளரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் மழையிலும் குளிரிலும் திறந்த காரில் குடும்பத்தோடு போவது எப்படி? அவர்கள் கேட்டது நியாயமான வசதி. பிழையான செசியின் மேல் கேட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பிரச்சினைக்கு அழகான ஒரு தீர்வும் இருந்தது. சார்ள்ஸ் வேமன் என்ற விமானி மெல்லிய மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திப் பொடி கட்டும் முறையைக் கொண்டுவந்தார். மரமும் மரமும் உரசாதபடி மூட்டுகளில் உலோகத் தகடு வைத்தார். பாரமும் குறைவு, கிறீச் சத்தமும் இல்லை. பென்ட்லி செசிகள் பலவற்றில் இந்தப் பொடி ஏறியது. ஆனால் 1930களின் தொடக்கத்தில் அந்த மோகம் அடங்கிவிட்டது. ஆட்களுக்குப் பளபளக்கும் தகடுதான் வேண்டியிருந்தது. இஞ்சினியர் தந்த நல்ல விடையைக் கண்ணாடி போன்ற பெயின்ட் தோற்கடித்த இந்த இடம்தான் எங்களுக்குக் கவலை.

ரோல்ஸ் ரொய்ஸுக்கும் இதே தலையிடி. சொந்தமாக ஓட்டுபவர்களுக்கென்று 1922இல் ‘டுவென்ரி’ என்ற சின்னக் காரை 3127 சிசி இஞ்சினோடு விட்டார்கள். அதிலும் லிமோசின் பொடி ஏற்றப்பட்டது. 1929இல் 3669 சிசி இஞ்சினோடு 20/25 வந்தது.

பென்ட்லியும் இஞ்சினைப் பெருப்பித்தார். 1926இல் ஆறு சிலிண்டரோடு 6½ லீட்டர். 1930இல் 8 லீட்டர்: எவ்வளவு கனமான மூடிய பொடி வைத்தாலும் மணிக்கு 100 மைல் ஓடக்கூடிய கார். கேட்டதெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் வந்து வாங்கும் ஆட்களையே காணோம். கட்டியது 100 கார்கள்தான். பிறகு 8 லீட்டர் செசியைக் கட்டையாக்கி, அதில் ஒரு 4 லீட்டர் இஞ்சினை வைத்தார்கள். பழையபடி அதே கணக்கு, பாரம் பெரிது, பலம் சிறிது. இந்த முறை பாரம் வாடிக்கையாளர் ஏற்றியதல்ல, கம்பனியே ஏற்றியது. பென்ட்லிக்கு அந்தக் கார் பிடிக்கவேயில்லை. 50 மட்டும் கட்டினார்கள்.

1931இல் கம்பனி விழுந்தது. வாங்கியது ரோல்ஸ் ரொய்ஸ். பென்ட்லியும் ஒப்பந்தப்படி அங்கே சம்பளத்துக்கு வேலை செய்தார். 1933இல் பென்ட்லி என்ற பெயரில் ஒரு புதிய கார் வந்தது. அதற்குள் இருந்தது 20/25இன் இஞ்சின், கொஞ்சம் மெருகேற்றி.